வெளியேறும் வழி எது? நிலத்தடிக் கிரையோஜெனிக் வேலைக்கு வருவோருக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

பூமிக்கு அடியில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்து ஒரு குகை. குகைக்குள் ஒரு தொட்டி. தொட்டி நிறைய, மைனஸ் 186 டிகிரி செல்சியஸில் திரவ ஆர்கான். தொலைவிலிருந்து பாய்ந்து வரும் கோடானுகோடி நியூட்ரினோக்களில் எப்போதாவது ஒன்று ஓர் ஆர்கான் அணுவில் மோதும். அது விட்டுப்போகும் தடத்தைப் படிப்பது இயற்பியலாளர்களின் வேலை. அந்தத் தடம் கலையாதபடி ஆர்கானைக் குளிராகவும் தூய்மையாகவும் ஆண்டுக்கணக்கில் காத்து வைப்பது கிரையோஜெனிக் குழுவின் வேலை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வெப்ப இயக்கவியல் சமன்பாடுகளைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். அவற்றை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. என் அறிவுரைகள் எல்லாம் ஒரே கேள்வியிலிருந்து கிளைப்பவை: உள்ளே வந்தது எந்த வழியாக வெளியேறும்? வெப்பம், வாயு, மாசு, மனிதர் ஆகிய நான்கையும் பற்றி இந்தக் கேள்வியைக் கேளுங்கள். தரைமேல் இருக்கும் ஆலையைச் சுற்றி வெட்டவெளி இருக்கிறது. கசிந்தது எப்படியோ கலைந்து போய்விடும். நிலத்தடியில் நாம் முன்கூட்டியே அமைத்து வைத்த வழிதான் உண்டு, வேறு கிடையாது.

1. முதலில் இடத்தைப் படியுங்கள், எந்திரத்தைப் பிறகு படிக்கலாம்

அண்டக் கதிர்களின் தொல்லையிலிருந்து தப்பத்தான் இந்தக் கருவிகள் பாறைக்கு அடியில் போகின்றன. ஆனால் எல்லாப் பாறையும் ஒன்றல்ல. இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு மேலே 1,400 மீட்டர் மலை இருக்கிறது. இருந்தும் நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதை வழியாக லாரியே உள்ளே போய்விடும். 760 டன் திரவ ஆர்கான் கொண்ட இகாரஸ் கருவி அங்கே 2010 முதல் 2013 வரை ஓடியது.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், லீட் என்ற சிற்றூரில் உள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் அப்படியல்ல. அங்கே செங்குத்தான சுரங்கத் தண்டுதான் வாசல். ரேமண்ட் டேவிஸ் 1960களில் சூரிய நியூட்ரினோக்களைத் தேடித் தொட்டி வைத்தது அந்தச் சுரங்கத்தில்தான்; 2002இல் அவர் நோபல் பரிசு பெற்றதும் அந்த வேலைக்காகத்தான். இன்று அது சான்ஃபோர்டு நிலத்தடி ஆய்வகம். 1,300 கிலோமீட்டர் தள்ளி இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஃபெர்மிலேபிலிருந்து பூமிக்குள்ளாகவே வரப்போகும் நியூட்ரினோக் கற்றையைப் பிடிக்க, டியூன் பரிசோதனைக்காக அங்கே 4,850 அடி ஆழத்தில் குகைகள் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 8 லட்சம் டன் பாறையை மேலே ஏற்றிய அந்தப் பணி 2024 தொடக்கத்தில் முடிந்தது. நான்கு தொட்டிகளுக்குத் திட்டம். ஒவ்வொன்றிலும் சுமார் 17,000 டன் திரவ ஆர்கான்.

தண்டின் குறுக்களவுக்குள் அடங்காத எதையும் அங்கே இறக்க முடியாது. 60 மீட்டருக்கு மேல் நீளமுள்ள தொட்டியின் இரும்புச் சட்டங்கள் துண்டு துண்டாகத்தான் இறங்க வேண்டும். ஆகவே எந்தக் கருவியின் படத்தைப் பார்த்தாலும், இது எப்படி இறங்கும், பழுதானால் எப்படி ஏறும் என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.

2. மூன்றரை டிகிரிக்குள் வாழப் பழகுங்கள்

வளிமண்டல அழுத்தத்தில் ஆர்கான் 87.3 கெல்வினில் கொதிக்கும், 83.8 கெல்வினில் உறையும். நமக்குக் கிடைத்திருக்கும் இடைவெளி மூன்றரை டிகிரிதான்.

தொட்டியிலிருந்து எழும் ஆர்கான் ஆவியைக் கண்டென்சரில் திரவ நைட்ரஜனைக் கொண்டு குளிர்வித்துத் திரும்பத் திரவமாக்குகிறோம். நைட்ரஜனோ வளிமண்டல அழுத்தத்தில் 77.4 கெல்வினில் கொதிப்பது. அதை அப்படியே விட்டால் ஆர்கான் குழாய்ச் சுவரில் கட்டியாக உறைந்து, ஆவி வரும் பாதையையே அடைத்துவிடும். அதனால் நைட்ரஜனை இரண்டு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பிடித்து வைக்கிறோம். சுமார் இரண்டரை பாரில் அதன் கொதிநிலை 86 கெல்வின் அருகே வந்து நிற்கும். ஆர்கான் திரவமாகும், உறையாது. வெப்பநிலையை நாம் ஆள்வது இந்த அழுத்தத்தின் மூலமாகத்தான். அந்த அழுத்தமானியின் அளவை ஷிஃப்ட் தொடங்கியதும் நேரில் போய்ப் பாருங்கள். கணினித் திரையில் தெரியும் எண்ணை அதோடு ஒப்பிடுங்கள்.

3. உறிஞ்சிய வெப்பம் எங்கே போகிறது என்று கேளுங்கள்

டியூன் தொட்டியைச் சுற்றி 80 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பாலியூரிதேன் நுரைக் காப்பு. அத்தனை இருந்தும் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் சில வாட் வெப்பம் நுழைந்துகொண்டே இருக்கும். உள்பரப்பு ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர் என்பதால் கூட்டினால் பல பத்தாயிரம் வாட் ஆகிவிடும். ஒரு கிலோ ஆர்கானை ஆவியாக்க 161 கிலோஜூல் போதும். அதாவது 10 கிலோவாட் வெப்பம் மணிக்கு 220 கிலோவுக்கு மேல் ஆவியாக்கும். இந்தக் கணக்கு உங்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

அந்த ஆவியைத் திரும்பத் திரவமாக்க, 87 கெல்வினிலிருந்து ஒரு வாட் வெப்பத்தை எடுத்து அறை வெப்பநிலையில் கொட்ட வேண்டும். இயற்கை விதி அனுமதிக்கும் மிகச் சிறந்த எந்திரத்துக்கே இதற்குச் சுமார் இரண்டரை வாட் மின்சாரம் வேண்டும். நிஜ எந்திரத்துக்கு அதுபோலப் பல மடங்கு. அத்தனை மின்சாரமும் கடைசியில் வெப்பமாகிக் குகைக்குள்தான் நிற்கும். பாறையும் குளிர்ந்ததல்ல; அந்த ஆழத்தில் அதன் வெப்பநிலையே 30 டிகிரி செல்சியஸுக்கு மேல். குளிர்நீர்க் குழாயும் வெளிக்காற்றுப் பாதையும் அந்த வெப்பத்தை ஏற்றிச் செல்லும் அளவுக்கு இல்லையென்றால், எவ்வளவு நல்ல குளிர்விப்பான் வாங்கினாலும் ஓடாது. குளிர்விக்கும் திறனை நிர்ணயிக்கும் முன் காற்றோட்டப் பொறியாளரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

4. திரவத்தைக் குழாயில் இறக்க ஆசைப்படாதீர்கள்

மேலே லாரியில் திரவமாக வருகிறது, கீழே திரவமாகத்தான் வேண்டும், பின் ஏன் நடுவில் ஆவியாக்குகிறார்கள் என்று புதியவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நல்ல கேள்வி. கணக்கைப் போட்டுப் பாருங்கள். திரவ ஆர்கானின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1,400 கிலோ. 1,480 மீட்டர் உயரத்துக்கு அது குழாயில் நின்றால் அடியில் 200 பார் அழுத்தம். அந்தக் குழாய் எங்காவது விட்டுப்போனால், மனிதர் ஏறி இறங்கும் தண்டுக்குள்ளேயே திரவம் கொட்டும். வாயுவாக, வளிமண்டல அழுத்தத்துக்கு அருகே நிற்கும்போது அதே உயரம் தரும் கூடுதல் அழுத்தம் கால் பார்தான்.

அதனால் டியூன் திட்டத்தில் ஆர்கானை மேலே ஆவியாக்கி, ராஸ் தண்டு வழியாக வாயுவாக இறக்கி, கீழே மறுபடி திரவமாக்குகிறார்கள். சாதாரண வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோ வாயுவைத் திரவமாக்க 270 கிலோஜூல் எடுக்க வேண்டும். கீழே இருக்கும் குளிர்விப்பானின் திறன்தான் நிரப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும். லாரிக்கு 20 டன் என்று வைத்தால் ஒரு தொட்டிக்கு 850 லாரிகள். நிரப்ப ஏறத்தாழ ஓர் ஆண்டு. இதில் அவசரத்துக்கு இடமில்லை.

5. இரண்டு வால்வுகளுக்கு நடுவே சிக்கிய திரவத்தை மறக்காதீர்கள்

ஒரு லிட்டர் திரவ ஆர்கான் அறை வெப்பநிலைக்கு வந்தால் 840 லிட்டர் வாயு. குழாயின் இரு முனையிலும் வால்வை மூடி, நடுவே திரவம் நின்றுவிட்டால், குழாய் வெடிக்க வேறொன்றும் வேண்டாம். நேரம் மட்டும் போதும். அதனால்தான் மூட முடிகிற ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சேஃப்டி வால்வு வைக்கிறோம்.

வால்வு இருந்தால் மட்டும் போதாது. போதுமான அளவில் இருக்க வேண்டும். 2008 செப்டம்பர் 19 அன்று செர்னின் பெரிய ஹேட்ரான் மோதலியில் இரண்டு காந்தங்களுக்கு இடையிலான மின் இணைப்பு பழுதாகி, தீப்பொறி ஹீலியம் உறையைத் துளைத்தது. ஏறத்தாழ ஆறு டன் ஹீலியம் சுரங்கத்துக்குள் கொட்டியது. காப்பு வேக்குவம் உறையில் அழுத்தம் வெளியேற வாய்கள் இருந்தன. ஆனால் அவை அவ்வளவு பெரிய பாய்ச்சலை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை அல்ல. அழுத்தம் ஏறிப் பல டன் எடையுள்ள காந்தங்களே இடம்பெயர்ந்தன. அதன் பிறகு காந்தங்களில் பெரிய வெளியேற்ற வாய்களைப் பொருத்தினார்கள். செர்ன் அந்த விபத்தை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படியுங்கள். நடக்கக்கூடியவற்றில் மிக மோசமானது எது என்ற கேள்விக்கு நாம் தரும் விடை சிறுத்தால், வால்வும் சிறுத்துவிடும்.

6. தொட்டியின் உடம்பை அறிந்து வேலை செய்யுங்கள்

இத்தனை பெரிய தொட்டிகளுக்கான நுட்பம் திரவ இயற்கை எரிவாயு சுமக்கும் கப்பல்களிலிருந்து வந்தது. உள்சுவர் 1.2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடு. சுமையைத் தாங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் நுரையும், வெளியே நிற்கும் இரும்புச் சட்டமும்தான். அறை வெப்பநிலையிலிருந்து ஆர்கான் வெப்பநிலைக்கு இறங்கும்போது இந்த எஃகு மீட்டருக்கு ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் சுருங்கும். 62 மீட்டர் நீளத்துக்குக் கணக்கிட்டால் 17 சென்டிமீட்டர்! தட்டையான தகடாக இருந்தால் கிழிந்தே போகும். தகட்டில் நெடுக்கும் குறுக்குமாக ஓடும் மடிப்புகள் விரிந்து கொடுத்து அந்தச் சுருக்கத்தை வாங்கிக்கொள்கின்றன. குளிர்விக்கும்போது ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தக் கூடாது என்பதும் இதனால்தான்.

இந்தத் தொட்டி தாங்கும் உபரி அழுத்தம் சில நூறு மில்லிபார்தான்; உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்று அமுக்குவதையும் அது பொறுக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே புயல் வந்தால் கீழேயும் காற்றழுத்தம் இறங்கும். வெளிக்காற்றோடு ஒப்பிட்ட அழுத்தத்தை மட்டும் நிலையாக வைத்திருந்தால், தொட்டியின் உண்மையான அழுத்தமும் கூடவே இறங்கி, திரவம் குமிழிடத் தொடங்கும். 1,80,000 வோல்ட்டில் நிற்கும் எதிர்மின்வாய்க்கு அருகே ஒரு குமிழி வந்தால், மின்பொறி தாவ அதுவே போதும். வானிலையோடு ஆடாத தனி அழுத்தத்தைப் பார்த்துக் கட்டுப்படுத்துங்கள்.

7. காற்றை வெளியேற்றுவதில் பொறுமை காட்டுங்கள்

இவ்வளவு மெல்லிய சுவருள்ள தொட்டியை வேக்குவம் செய்ய முடியாது. அப்படியானால் உள்ளே இருக்கும் காற்றை எப்படி எடுப்பது? ஆர்கான் வாயு காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமானது. அதைத் தொட்டியின் அடியில் பல துளைகள் வழியாக மெதுவாக விட்டால், கீழே படர்ந்து, மணிக்கு ஒரு மீட்டர் அளவில் மட்டம் உயர்ந்து, காற்றை மேல்வாய் வழியாகத் தள்ளிவிடும். இதை ஆர்கான் பிஸ்டன் என்பார்கள். ஃபெர்மிலேபின் சிறிய சோதனைத் தொட்டிகளில் மெய்ப்பித்துக் காட்டி, பிறகு 170 டன் மைக்ரோபூன் கருவியிலும், டியூனுக்கு முன்மாதிரியாகச் செர்னில் அமைத்த 770 டன் புரோட்டோடியூன் தொட்டியிலும் பயன்படுத்தினார்கள்.

வேகமாக விட்டால் சுழல் எழுந்து காற்றோடு கலக்கும். மிக மெதுவாக விட்டால் காற்று கீழ்நோக்கிப் பரவும். நடுவான வேகத்தைக் கண்டுபிடித்து, அதிலேயே நில்லுங்கள். முட்டுச்சந்தாக முடியும் குழாய்கள், மூடிய போல்ட் துளைகள், கேபிள் உறைகள் ஆகியவற்றில் காற்று ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளையோ ஒரு வெளியேற்றக் குழாயோ இருக்கிறதா என்று வடிவமைக்கும்போதே பாருங்கள். பூட்டிய பிறகு தேடினால் கை எட்டாது.

8. தூய்மையை ஒரு பழக்கமாக ஆக்கிக்கொள்ளுங்கள்

இந்த ஒன்றில் நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுப் பரிசோதனையும் இதன்மேல்தான் நிற்கிறது. திரவ ஆர்கானில் மின்னணுக்களை நகர்த்தி, துகளின் தடத்தைப் படமாக்கலாம் என்று கார்லோ ரூபியா 1977இல் முன்மொழிந்தார். நியூட்ரினோ மோதிய இடத்தில் விடுபட்ட மின்னணுக்கள் மூன்றரை மீட்டர் தூரம் நகர்ந்து மின்கம்பிகளை அடைய வேண்டும். சென்டிமீட்டருக்கு 500 வோல்ட் மின்புலத்தில் அவை ஒரு மைக்ரோ விநாடிக்கு 1.6 மில்லிமீட்டர் போகும். மொத்தப் பயணம் சுமார் 2.2 மில்லி விநாடி. வழியில் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு எதிர்ப்பட்டால் மின்னணுவை விழுங்கிவிடும்.

ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் இருந்தால் மின்னணுவின் சராசரி ஆயுள் மூன்று மில்லி விநாடி. அப்போதுகூடக் கடைக்கோடியிலிருந்து புறப்பட்டவற்றில் ஏறத்தாழ பாதிதான் வந்து சேரும். சந்தையில் வரும் ஆர்கானில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் ஆக்ஸிஜன் இருக்கலாம். அதைப் பத்தாயிரம் மடங்கு தூய்மையாக்க வேண்டும். இது முடியாத காரியமல்ல. இகாரஸ் 15 மில்லி விநாடியைத் தாண்டியது. புரோட்டோடியூன் 30ஐயும் தாண்டியது.

திரவத்தைப் பம்ப் செய்து வடிகட்டிகள் வழியாகச் சுற்றவிடுகிறோம். மூலக்கூற்றுச் சல்லடை நீரைப் பிடிக்கும். அலுமினா மணிகளின்மேல் படிந்த செம்பு ஆக்ஸிஜனைப் பிடிக்கும். செம்பு நிறைந்துவிட்டால் வடிகட்டியைச் சூடேற்றி, சிறிதளவு ஹைட்ரஜன் கலந்த ஆர்கானை அனுப்புகிறோம். பிடிபட்ட ஆக்ஸிஜன் நீராவியாகி வெளியே போகும், செம்பு பழைய நிலைக்குத் திரும்பும். வெளிவரும் வாயுவின் ஈரம் முழுவதும் அடங்கும்வரை காத்திருங்கள். பாதியில் நிறுத்தினால் அந்த நீர் மறுபடி ஆர்கானுக்குள்தான் போகும்.

மாசின் ஊற்று பெரும்பாலும் திரவத்தில் இல்லை. திரவத்துக்கு மேலே இருக்கும் வாயுப் பகுதி ஓரளவு வெதுவெதுப்பானது. அங்கே தொங்கும் கேபிள்களும் பிளாஸ்டிக்கும் தமக்குள் இருக்கும் ஈரத்தை மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஆவியைத் திரவமாக்கியதும் நேரே தொட்டிக்கு விடாமல், வடிகட்டி வழியாகவே அனுப்புகிறோம். உள்ளே போகும் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு ஈரம் விடும் என்று சோதித்து, அனுமதி பெற்ற பிறகே போக வேண்டும். ஒரு டேப் துண்டு, ஒரு கேபிள் கட்டு என்று யாரும் கைபோன போக்கில் வைக்கக் கூடாது. வெறும் கையால் தொட்ட இடத்தைத் துடைக்காமல் விடக் கூடாது. வயதில் மூத்தவர் வைத்தாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

9. வடிகட்டி பிடிக்காததை வாசலிலேயே நிறுத்துங்கள்

நைட்ரஜன் இந்த இரு வடிகட்டிகளிலும் சிக்காமல் போய்விடும். அது மின்னணுவை விழுங்காது. ஆனால் துகள் பாயும்போது ஆர்கான் வெளியிடும் ஒளியை மங்கச் செய்யும். 2020இல் புரோட்டோடியூனில் செனான் கலந்து சோதித்தபோது, ஆர்கானில் பத்து லட்சத்துக்கு 5.4 பங்கு நைட்ரஜன் சேர்ந்திருந்தது. செனானைப் படிப்படியாக 18.8 பங்கு வரை சேர்த்து, இழந்த ஒளியைக் கணிசமாக மீட்டார்கள். மருந்து இருக்கிறது என்பதற்காக நோயை வரவிடலாகாது. கண்டென்சரில் நைட்ரஜனின் அழுத்தம் ஆர்கானின் அழுத்தத்தைவிடக் கூடுதல் என்று முன்னமே சொன்னேன். அங்கே ஒரு வெல்டிங் கசிந்தால் நைட்ரஜன்தான் ஆர்கானுக்குள் வரும். அந்த வெல்டிங்குகளை ஹீலியம் கொண்டு சோதித்த பதிவுகளை நீங்களே வாங்கிப் பாருங்கள். லாரியில் வரும் ஆர்கானை இறக்குவதற்கு முன் நைட்ரஜன் அளவைப் பாருங்கள். வெளியேறும் வழி இல்லாத பொருளுக்கு உள்ளே வரும் வழியும் இருக்கக் கூடாது.

10. மூச்சை எந்திரத்திடம் ஒப்படையுங்கள், உணர்வை நம்பாதீர்கள்

ஆர்கானுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் உடம்புக்கு மூச்சுமுட்டும் உணர்வைத் தருவது முக்கியமாக இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆர்கான் நிறைந்த இடத்தில் அது வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருப்பதால், ஆபத்தில் இருப்பதே தெரியாது. காற்றில் 21 விழுக்காடாக இருக்கும் ஆக்ஸிஜன் 19.5க்குக் கீழே இறங்கினாலே எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். பத்துக்கும் கீழே போனால் மயக்கம். முற்றிலும் இல்லாத இடத்தில் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார்.

அப்போதுதான் கொதித்தெழுந்த குளிர்ந்த ஆர்கான் வாயு, அறைக்காற்றைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அடர்த்தியானது. அது பள்ளத்தைத் தேடிப் போகும்: தொட்டி நிற்கும் குழி, கேபிள் அகழி, பம்ப் நிற்கும் தாழ்வான இடம். ஆகவே ஆர்கானுக்குரிய சென்சார்களைத் தரையை ஒட்டி வையுங்கள். ஹீலியம் மேலே ஏறும். அதற்குக் கூரைக்கருகே வையுங்கள். ஒரு டியூன் தொட்டி முழுவதும் ஆவியானால் ஒரு கோடி கன மீட்டர் வாயு. சேஃப்டி வால்வு திறந்தால் அது குகைக்குள் கொட்டாமல், வெளிக்காற்றுப் பாதைக்குள் போகும்படி குழாய் அமைந்திருக்க வேண்டும். காற்றாடிகள் நின்றால் வேலையும் நிற்க வேண்டும்.

இதையும் மனத்தில் ஆழப் பதியுங்கள். ஒருவர் குழிக்குள் விழுந்து கிடப்பதைப் பார்த்தால், ஓடிப்போய்த் தூக்கத்தான் மனம் சொல்லும். போகாதீர்கள். இத்தகைய விபத்துகளில் இரண்டாவதாக உயிரிழப்பவர் பெரும்பாலும் காப்பாற்றப் போனவர்தான். முதலில் அலாரம், பிறகு மூச்சுக்கருவி, அதன் பிறகுதான் மீட்பு. அந்தச் சில நிமிடங்கள் கொடுமையானவை. பயிற்சி இருந்தால் மட்டுமே அவற்றைத் தாண்ட முடியும். அதனால் பயிற்சி நாளில் சாக்குச் சொல்லாமல் வாருங்கள்.

11. பனியையும் சத்தத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

திரையில் ஆயிரம் எண்கள் ஓடும். இருந்தாலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருமுறை குழாய்களின் ஓரமாக நடந்து வாருங்கள். வேக்குவம் உறையிட்ட குழாய் கைக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். அதில் ஓரிடத்தில் மட்டும் வியர்வை பூத்திருந்தால் அங்கே வேக்குவம் கெடத் தொடங்கிவிட்டது. மறுநாள் அதே இடத்தில் வெள்ளை வளையமாகப் பனி படிந்திருக்கும். மூடியிருக்க வேண்டிய சேஃப்டி வால்வின் வெளிக்குழாயில் பனி தெரிந்தால், வால்வு உள்ளுக்குள் கசிகிறது. காப்பு விட்டுப்போன நைட்ரஜன் குழாயிலிருந்து நீர்போலச் சொட்டினால் அதை நீரென்று எண்ணாதீர்கள். 77 கெல்வினில் காற்றே திரவமாகும். அந்தச் சொட்டில் பாதியளவு ஆக்ஸிஜன் இருக்கக்கூடும். கீழே எண்ணெய் இருந்தால் தீப்பிடிக்கும்.

பம்ப்பையும் காது கொடுத்துக் கேளுங்கள். கொதிநிலையை ஒட்டி நிற்கும் திரவம், பம்ப்பின் உறிஞ்சுவாயில் அழுத்தம் சற்றே குறைந்தாலும் குமிழியாகிவிடும். சீராக ஒலித்த பம்ப், சரளைக்கல்லை அரைப்பதுபோல் ஒலிக்கத் தொடங்கினால் அது குமிழிகளை விழுங்குகிறது. பம்ப்பைத் தொட்டியின் அடிமட்டத்தில் வைப்பதே, மேலே நிற்கும் திரவத்தின் எடை அந்தக் குமிழிகளைத் தடுக்கட்டும் என்றுதான். கண்ட இடம், நேரம், சத்தம் எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள். இந்தக் கருவிகள் பல பத்தாண்டுகள் ஓடப்போகின்றன. உங்களுக்குப் பின் வருபவர் உங்களைச் சந்திக்கப்போவதில்லை, நீங்கள் எழுதிய வரியைத்தான் சந்திப்பார்.

12. சுரங்கத்தாரிடம் கேளுங்கள், நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள்

நிலத்தடி இயற்பியல் சுரங்கத் தொழிலாளிகளின் தோளில் ஏறித்தான் வந்தது. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களில் ஒன்று நம் கோலார் தங்கவயல், ஆண்டு 1965. அந்தத் தண்டுகளில் தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். யார் கீழே இருக்கிறார்கள் என்று பலகையில் மாட்டிய பித்தளை வில்லையைப் பார்த்தே சொல்லும் வழக்கம் சுரங்கத்தாருடையது. சான்ஃபோர்டில் இன்றும் விஞ்ஞானிகள் வில்லை மாட்டிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பாறை எங்கே முனகுகிறது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பணிவோடு கேட்டு வாங்குங்கள்.

நீங்களும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சுரங்கத்தில் இடுப்பில் மாட்டித் தரும் மீட்புக் கருவிகளில் ஒரு வகை, தீப்பிடித்தால் வரும் கார்பன் மோனாக்சைடை மட்டுமே வடிகட்டும்; ஆக்ஸிஜன் தராது. ஆர்கான் சூழ்ந்த இடத்தில் அது உதவாது. அதை நம்பி யாரும் குழிக்குள் இறங்கிவிடாதபடி விளக்கிச் சொல்லுங்கள்.

கடைசியாக, நிறுத்துவதைப் பற்றி. ஏதோ சரியில்லை என்று மனத்தில் பட்டால் உரக்கச் சொல்லுங்கள். புதியவர் சொல்வது எடுபடுமா என்று கூச வேண்டாம். நிறுத்தினால் எல்லாம் பாழாகிவிடும் என்று யாராவது பதறினால், மூன்றாவது அறிவுரையில் உள்ள கணக்கை நீட்டிப் போட்டுக் காட்டுங்கள். 17,000 டன் ஆர்கானும் காப்பின் வழியாக நுழையும் வெப்பத்தால் ஆவியாகித் தீர ஆண்டுக்கணக்கில் ஆகும். மின்சாரமே இல்லாமல் போனாலும் நாளொன்றுக்குச் சில பத்து டன்னுக்குள்தான் போகும். அதற்கான வெளிக்குழாய் திறந்திருந்தால் தொட்டிக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு வால்வைச் சரிபார்க்க ஒரு நாள் வேண்டுமென்றால், அந்த ஒரு நாளைத் தருவதற்கு இந்தத் தொட்டிக்கு வசதி இருக்கிறது. கீழே நிற்கும் மனிதருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கேள்விக்கு விடை கிடைக்கும்வரை வால்வைத் திறக்காதீர்கள். திறக்கச் சொல்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும்.